பூசினாற்போல உடம்புக்கு எடுப்பாக உடுத்துவது எப்படி

"அக்கா, கொஞ்சம் லூசாவே தைச்சிடுங்க, வயிறு தெரியாம இருக்கட்டும்." துணி கொடுக்க வருகிறவர்கள் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். மதுரையில் பெண்களுக்குப் பிளவுஸும் சுடிதாரும் தைப்பது என் தொழில். அப்பாவும் தையல்காரர்தான், மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்தவர். எனக்கும் பூசினாற்போல உடம்பு. மார்பும் இடுப்பும் நிறைவாக இருக்கும், கை சதைப்பற்றாக இருக்கும், வயிறு மெத்தென்று இருக்கும். அளவு எடுக்கிறவளாகவும் அளவு கொடுக்கிறவளாகவும் பார்த்ததைச் சொல்கிறேன்: லூசாகத் தைத்தால் எதுவும் மறையாது.

காரணம் எளிது. தொளதொளவென்ற துணி உடம்பில் எந்த இடம் அகலமோ அங்கே முட்டி, அங்கிருந்து நேராகத் தொங்கும். உங்கள் மார்பு 42 இஞ்ச், அதற்குக் கீழே உடம்பு உள்வாங்கி 36 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 36 இருக்கிற இடத்தைத் துணி மூடிவிட்டால், பார்க்கிறவர் கண்ணுக்குத் தோளிலிருந்து தொடை வரை எல்லாமே 42 தான். இருக்கிற இடையையும் நாமே இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். அதற்காக இறுக்கிப் பிடித்தாலும் சரிப்படாது. இறுக்கினால் சதை இரண்டு பக்கமும் பிதுங்கி, தையல் போகிற இடமெல்லாம் கோடு விழும்.

தோள், கீழ்மார்பு, இடை. இந்த மூன்று இடத்தில் துணி உடம்பைத் தொட வேண்டும். மற்ற இடத்தில் தொட்டும் தொடாமலும் வழிய வேண்டும். சேலையோ சுடிதாரோ நைட்டியோ, நான் பார்க்கிற கணக்கு இதுதான்.

முதலில் உள்ளாடை

பிளவுஸ் சரியில்லை என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களில் பல பேருக்குப் பிளவுஸில் குறையே இருக்காது, உள்ளாடையில்தான் இருக்கும். ஆகவே தையல்கடைக்கு வருவதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்.

வீட்டிலேயே அளக்கலாம். மூச்சை வெளியே விட்டு, கீழ்மார்பைச் சுற்றி டேப்பைக் கொஞ்சம் இறுக்கமாகப் பிடியுங்கள். வருகிற எண் பிராவின் பேண்ட் அளவு, அதாவது உடம்பைச் சுற்றிப் பிடிக்கிற பட்டியின் அளவு. ஒற்றைப்படையாக வந்தால் அடுத்த இரட்டை எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் மார்பின் உச்சி வழியாக டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 1 இஞ்ச் என்றால் ஏ கப், 2 என்றால் பி, 3 என்றால் சி, 4 என்றால் டி. கீழ்மார்பு 36, மார்பு 40 வருகிறவருக்கு 36 டி வேண்டும். அவர் கடையில் போய் "நாற்பது கொடுங்க" என்று கேட்டு 40 பி வாங்கி வருகிறார். பேண்ட் லூசு, அதனால் முதுகில் மேலே ஏறிப்போகும். கப் பத்தாது, அதனால் சதை மேலே வழியும். பாரம் முழுக்க ஸ்ட்ராப்பில் இறங்கித் தோளில் பள்ளம் விழும். பாரத்தைத் தாங்க வேண்டியது ஸ்ட்ராப் இல்லை, சுற்றிப் பிடிக்கிற பேண்ட்.

புதிதாக வாங்கும்போது தளர்வாக இருக்கிற கடைசி ஹூக்கில் பொருந்துவதை எடுங்கள். நாளாக ஆக எலாஸ்டிக் தளரும், அப்போது உள்ளே இருக்கிற ஹூக்குகளுக்கு மாறிக்கொள்ளலாம். மென்மையான, கனமான மார்புக்கு ஃபோம் வைத்ததைவிடக் குறுக்கே தையல் போட்ட காட்டன் கப் நன்றாகத் தூக்கிப் பிடிக்கும், வெயிலுக்கும் அதுதான் ஏற்றது. மார்பு அதன் இடத்தில் நின்றுவிட்டால் அதற்கும் தொப்புளுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிய ஆரம்பிக்கும். நம் இடை அங்கேதான் இருக்கிறது. பிளவுஸுக்கு அளவு கொடுக்கப் போகும்போதும், தைத்ததைப் போட்டுப் பார்க்கப் போகும்போதும் இதே உள்ளாடையைப் போட்டுக்கொண்டு போங்கள்.

பிளவுஸ்

பழைய பிளவுஸை "அளவு பிளவுஸ்" என்று கொடுத்துவிட்டுப் போகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது இரண்டு பிள்ளைக்கு முந்தைய உடம்பின் அளவாக இருக்கும். அதில் இருந்த கோணல் புதுசிலும் அப்படியே வரும். உடம்பில் டேப் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

நம்மைப் போன்ற உடம்புக்கு முக்கியமான அளவு, பல இடங்களில் எடுக்காமலே விட்டுவிடுகிற மேல்மார்பு. அக்குளுக்கு அடியில், மார்புக்கு மேலாகச் சுற்றி எடுப்பது. ஒருவருக்கு மேல்மார்பு 38, மார்பு 42 என்றால் அவருடைய எலும்புக்கூடு 38 தான், மார்பு மட்டும் நிறைவு. இவருக்கு 42 என்று வைத்து வெட்டினால் தோளும் அக்குளும் 42-க்குரிய அகலத்தில் வந்துவிடும். தோள் நழுவும், கழுத்து வாய் பிளக்கும், அக்குளில் துணி சுருண்டு கிடக்கும். 38-க்குத் தோளையும் அக்குளையும் வெட்டி, முன்பக்கத்தில் மட்டும் மார்புக்கு வேண்டிய இடத்தை டாட்டில், அதாவது துணியை முக்கோணமாக மடித்துப் பிடிக்கிற தையலில் கொடுக்க வேண்டும். உங்கள் தையல்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "மேல்மார்பு எடுப்பீங்களா?" என்ற ஒரு கேள்வியிலேயே அவர் கை எப்படி என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பாயிண்ட் உயரம். தோளிலிருந்து மார்பின் உச்சி வரை ஓர் அளவு, இரண்டு உச்சிக்கும் நடுவே ஓர் அளவு. டாட் எங்கே முடிய வேண்டும் என்பதை இந்த இரண்டும்தான் சொல்லும். டாட்டின் முனை உச்சியைத் தொடாமல் ஓர் இஞ்ச் முன்னாலேயே நிற்க வேண்டும். உச்சி வரை போனால் முன்பக்கம் கூம்பாகிவிடும், உருண்டையாக இருக்காது.

கட்டிங்கில் என் தேர்வைச் சொல்கிறேன். பட்டுக்கும் விசேஷத்துக்கும் பிரின்சஸ் கட். அக்குளிலிருந்து மார்பின் உச்சி வழியாக அடிவரை நீளமாக ஒரு தையல் ஓடும். அந்தத் தையலிலேயே மார்புக்கு இடமும் கிடைக்கும், கீழே இடையும் பிடிக்கும். தினசரி காட்டனுக்குக் கட்டோரி, அதாவது கிண்ணம் மாதிரித் தனியாக வெட்டி இணைப்பது. கட்டோரித் துணியைக் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். கிராஸில் வெட்டின துணி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், மார்பின் வளைவுக்குப் படிந்து உட்காரும். சாதாரண நாலு டாட் பிளவுஸ் 34, 36 மார்புக்கு அழகு. 40-க்கு மேலே போனால் அந்த டாட்டுகளை மிக அகலமாகப் பிடிக்க வேண்டிவரும், முனையில் சுருக்கம் விழும். உள்ளே பேட் வைக்கச் சொல்லி யாராவது கேட்டால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். நமக்கு வேண்டியது தாங்கல், கனம் இல்லை.

ஆர்ம்ஹோலை, அதாவது கை பூட்டுகிற வளைவைப் பற்றி எல்லோருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. கை தடிமனாக இருப்பவர்கள் "அக்குள் நல்லா எறக்கி வையுங்க" என்பார்கள். எறக்கினால்தான் சங்கடம் கூடும். அக்குள் தாழ்ந்திருந்தால் கையைத் தூக்கும்போது மொத்தப் பிளவுஸும் கூடவே ஏறும். பேருந்தில் கம்பியைப் பிடித்தால் அடியில் மார்பு வெளியே வரும். அக்குளை உடம்போடு ஒட்டி மேலே வைத்துவிட்டு, கைச்சுற்றில் ஓர் இஞ்ச் தாராளமாகக் கொடுத்தால் கை தன் பாட்டுக்கு ஆடும், உடல் பாகம் அசையாது.

கையின் நீளம். கண் எப்போதும் துணி முடிகிற கோட்டில் போய் நிற்கும். 5, 6 இஞ்ச் கை வைத்தால் அந்தக் கோடு புஜத்தின் மிகப் பருமனான இடத்தில் சரியாக விழுகிறது. முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, 9 அல்லது 10 இஞ்சில் முடித்தால் கை மெலியத் தொடங்குகிற இடம் அது. முக்கால் கையும் எடுப்புதான், முன்கையின் மெல்லிய பாகம் மட்டும் தெரியும், வளையலும் அழகாக நிற்கும். கையில்லாத பிளவுஸ் நமக்கு ஆகாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோளில் துணி இரண்டரை இஞ்சுக்குக் குறையாமல், அக்குள் ஒட்டி இருந்தால் தாராளமாகப் போடலாம். புஃப் கையை மட்டும் தோள் குறுகியவர்களுக்கு விட்டுவிடலாம். மார்பு நிறைந்தவர்களுக்கு அது மேல்பாகத்தை இன்னும் அகலமாக்கும்.

கழுத்தை மூடி மூடி வைக்காதீர்கள். கழுத்து எலும்பும் அதன் கீழே கொஞ்சம் தோலும் தெரிந்தால்தான் முகத்துக்கும் மார்புக்கும் நடுவே இடம் கிடைக்கும். முன்னால் வி கழுத்தோ, பானைக் கழுத்தோ, ஆறரை ஏழு இஞ்ச் ஆழம் கூச்சமில்லாமல் வைக்கலாம். முன்னாலும் பின்னாலும் இரண்டையும் ஆழமாக வைத்தால்தான் தோள் நழுவும், ஒன்றை மட்டும் ஆழமாக்குங்கள். பின்கழுத்தை எவ்வளவு இறக்கினாலும் அடியில் மூன்று இஞ்ச் பட்டியாவது நிற்கட்டும். மெல்லிய பட்டியாக இருந்தால் அது முதுகுச் சதையில் அமுங்கி மேலும் கீழும் பிதுங்கும். பிராவின் பேண்டும் அந்தப் பட்டிக்குள் அடங்க வேண்டும்.

ஹூக். முன்பக்கம் ஹூக் வைக்கும்போது இரண்டு ஹூக்குக்கு நடுவே இடைவெளி வாய் பிளப்பது நமக்கு ஓயாத தொல்லை. சரியாக மார்பின் உச்சிக்கு நேராக ஒரு ஹூக் வரும்படி முதலில் அதை வைத்துவிட்டு, மேலும் கீழும் மற்றதை அடுக்கச் சொல்லுங்கள். ஐந்துக்குப் பதில் ஏழு வையுங்கள். உள்ளே விரலகலத்துக்கு ஒரு மறைப்புப் பட்டி வேண்டும். பிரின்சஸ் கட்டுக்குப் பின்பக்க ஹூக் அல்லது பக்கவாட்டு ஜிப் வைத்தால் முன்பக்கம் தடையில்லாமல் இருக்கும், ஆனால் தினமும் தனியாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு முன் ஹூக்தான் வசதி.

துணி வாங்கும்போதே யோசியுங்கள். சேலையோடு வருகிற 80 சென்டிமீட்டர் பிளவுஸ் துணி 42 மார்புக்கும் முழங்கை நீளக் கைக்கும் பத்தாமல் போகும். தையல்காரர் ஒட்டுப்போட்டுச் சமாளிப்பார், அல்லது கையைக் குட்டையாக்குவார். டூ பை டூ பிளவுஸ் துணியோ காட்டன் சில்க்கோ ஒரு மீட்டர் தனியாக எடுத்துவிடுங்கள். காட்டனையும் லைனிங்கையும் வெட்டும் முன் தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பிடித்துவிடும். பக்கத்தையலில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணியாவது உள்ளே விடச் சொல்லுங்கள். உடம்பு மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறும், இறங்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மார்பு வேறு அளவு காட்டுவது பல பெண்களுக்கும் இயல்பு, அந்த வாரத்தில் அளவு கொடுக்க வேண்டாம்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்காதீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், உட்காருங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். மார்பின் உச்சியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் ஓடினால் மார்பில் இடம் பத்தவில்லை. அக்குள் முன்னால் துணி மடிந்து தொங்கினால் மேல்மார்பில் அதிகம். இரண்டையும் தையல்கடையிலேயே காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கல்யாண வீட்டில் நுழைந்ததும் "என்ன, ஒரு சுத்து பெருத்துட்ட?" என்று கேட்கிற உறவுக்காரர்களுக்குப் பயந்துதான் பல பெண்கள் லூசாகத் தைக்கச் சொல்கிறார்கள். அப்பா மிஷின் போட்டிருந்த புது மண்டபத்துத் தூண்களில் நாயக்க மன்னர்களோடு அவர்களுடைய ராணிகளும் நிற்கிறார்கள். நிறைந்த மார்பு, அகன்ற இடுப்பு. சிறுவயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அந்தச் சிலைகளைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். செதுக்கினவர் அந்த உடம்பை ஒளிக்க நினைக்கவே இல்லை. மண்டபத்துக் கடைகளெல்லாம் சில வருடங்களுக்கு முன் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்துப் பக்கம் போனால் அந்தத் தூண்களை நின்று பாருங்கள் என்று என்னிடம் வருகிற இளம்பெண்களிடம் சொல்வேன்.

பாவாடையும் கட்டும்

சேலையின் அஸ்திவாரம் உள்பாவாடை. கடையில் கிடைக்கிற, மேலே ஒரே அகலமாக நாடாவில் சுருக்கிக் கட்டுகிற பாவாடை இடுப்பைச் சுற்றி ஒரு வளையம் துணியைச் சேர்த்துவிடும். ஆறு பீஸ் அல்லது எட்டு பீஸ் பாவாடை வாங்குங்கள். மேலே குறுகி, கீழே விரியும்படி வெட்டியிருப்பார்கள், இடுப்பில் சுருக்கமே வராது. இன்னும் நல்லது, மேலே மூன்று இஞ்ச் பட்டி வைத்துப் பக்கத்தில் ஹூக் போட்டுத் தைத்துக்கொள்வது. வயிறு வைத்தவர்களுக்குத் தொப்புளை ஒட்டியோ ஒரு விரல் மேலேயோ கட்டுவதுதான் சரி. வயிற்றுக்குக் கீழே கட்டினால் வயிறு அதன் மேல் வழிந்து நிற்கும்.

நாடாவை இறுக்கி முடிச்சுப் போடுகிறவர்கள் பட்டிக்கு மாற அழகைவிடப் பெரிய காரணமும் உண்டு. ஒரே இடத்தில் வருடக்கணக்காக நாடா உரசினால் தோல் கறுத்து, அரித்து, புண்ணாகும். ஆறாத அந்தப் புண் புற்றுநோயாக மாறியதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அகலப் பட்டி வைத்தால் அழுத்தம் பரவிப்போகும். ஏற்கெனவே அந்த இடத்தில் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

லைக்ராவில் உடம்பைப் பிடிக்கிற சாரி ஷேப்வேர் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கிரேப், ஜார்ஜெட் கட்டுகிற மாலை ரிசப்ஷனுக்கு நல்லதுதான். ஒரு சைஸ் சின்னதாக வாங்கிவிடாதீர்கள், இடுப்பில் சுருண்டு இறங்கும். சித்திரை வெயிலில் காட்டன் சேலைக்குள் அதைப் போடச் சொல்ல எனக்கு மனசு வராது. தொடை உரசுகிறவர்கள் பாவாடைக்கு உள்ளே முழங்காலுக்கு மேல் நிற்கிற மெல்லிய காட்டன் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டால் நாள் முழுக்க நடக்கலாம்.

சேலையின் நீளத்தைப் பாருங்கள். ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டும். இடுப்பு 46, 48 வருகிறவர்களுக்கு அதிலும் கொசுவத்துக்கு மீதி குறைவாகத்தான் இருக்கும். பிளவுஸ் துணி சேலையின் உள்முனையில் சேர்ந்தே இருந்தால் அதை வெட்டாமல் விட்டுவிடுங்கள். உள்சுற்றில் அது போய்விடும், உங்களுக்குக் கொசுவத்தில் 80 சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். பிளவுஸ் வேறு துணியில் தைத்துக்கொள்ளலாம்.

கட்டும்போது முதலில் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், உயரம் அப்போதுதான் சரியாக வரும். சேலை அடி தரையை உரச ஒரு விரல் இருக்கட்டும். குட்டையாகக் கட்டினால் இடுப்பு அகன்றவர்கள் இன்னும் குள்ளமாகத் தெரிவார்கள். கொசுவம் ஐந்தாறு மடிப்பு, ஒவ்வொன்றும் நாலு விரல் அகலம். பாவாடைக்குள் மூன்று இஞ்சுக்கு மேல் சொருகாதீர்கள், மீதித் துணியெல்லாம் வயிற்றில் மேடாக நிற்கும். சொருகினபின் கொசுவத்தின் மேல்பகுதியை உள்ளங்கையால் கீழ்நோக்கி நீவி, மடிப்புகளைச் சேர்த்து உள்பக்கமாக ஒரு பின் போடுங்கள்.

முந்தானைதான் எல்லாவற்றையும் மாற்றும். வலது இடுப்பிலிருந்து சேலையின் மேல் ஓரத்தைத் தொய்வில்லாமல் இழுத்து, மார்பின் குறுக்கே சாய்வாக இடது தோளுக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சாய்கோடு இடையைக் காட்டும், வயிற்றையும் மூடும். தோளில் நாலு விரல் அகலத்துக்குள் மடிப்புகளை அடுக்கிக் கொஞ்சம் பின்பக்கமாகப் பின் குத்துங்கள், முன்பக்கம் குத்தினால் எல்லாம் மார்பின் மேல் குவியும். மார்பின் மேல் மடிப்புகள் தானாக விரியட்டும், அங்கே இறுக்கித் தட்டையாக்க வேண்டாம். பின்னால் தொங்குகிற முந்தானை முழங்கால் வரை போனால் முதுகுப்பக்கமும் உயரமாகத் தெரியும். மடிக்காமல் ஒற்றையாக விடுவது மல்மல், கிரேப் மாதிரி நெகிழ்ந்த சேலைக்கு அழகு. பட்டில் அப்படி விட்டால் கையையும் மார்பையும் சேர்த்து ஒரே பலகையாக்கிவிடும்.

எந்தச் சேலை

கடையில் மடிப்போடு பார்த்துச் சேலை எடுக்காதீர்கள். இரண்டு மீட்டர் பிரித்து, ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். நேராகக் கீழே வழிந்தால் அது உங்கள் உடம்பிலும் வழியும். விரிந்து எழும்பி நின்றால் உடம்பிலும் அப்படித்தான். கிரேப், ஜார்ஜெட், மைசூர் சில்க், மல்மல் எல்லாம் வழிகிற வகை. ஆர்கன்சா, டிஷ்யூ, மொடமொடப்பான கோரா எல்லாம் எழும்புகிற வகை. எழும்புகிற துணிமேல் ஆசை இருந்தால் கட்டுங்கள், கொசுவத்தையும் முந்தானையையும் முதல் நாளே மடித்து அயர்ன் செய்து வைத்துக்கொண்டால் பாதி அடங்கும்.

காஞ்சிப் பட்டு நமக்கு ஏற்றதில்லை என்பது வீண் பயம். கனமான பட்டு தன் எடையாலேயே கீழே இறங்கும், ஜரிகைக் கரை அதை இன்னும் இழுத்துப் பிடிக்கும். கவனிக்க வேண்டியது கரையின் அகலம். ஐந்தடிக்குப் பக்கத்தில் உயரம் இருப்பவர்கள் மூன்று நாலு இஞ்ச் கரையோடு நிறுத்திக்கொள்ளலாம். முழங்கால் வரை ஏறுகிற கரை உயரமானவர்களுக்குத்தான் கம்பீரம்.

எங்கள் ஊர் சுங்குடியை நான் எப்போதும் சிபாரிசு செய்வேன், ஊர்ப்பாசத்தால் மட்டும் இல்லை. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவதால் வருகிற சின்னச் சின்னப் புள்ளிகள் சேலை முழுக்கப் பரவியிருக்கும். கண் எந்த இடத்திலும் தங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு சலவை போனபின் துணியும் பஞ்சுபோல இறங்கிவிடும். கஞ்சி மட்டும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து போடுங்கள். செட்டிநாட்டுக் கண்டாங்கி தடிமன், கட்டமும் பெரியது. அதைக் கட்டுகிறவர்கள் கஞ்சியே போடாமல், மடிப்பை அயர்ன் செய்து கட்டினால் போதும்.

கோடு போட்ட சேலை வாங்கும்போது ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. சேலையின் நீளவாக்கில் ஓடுகிற கோடு, கட்டினதும் இடுப்பைச் சுற்றிப் படுக்கைக் கோடாகிவிடும். அகலவாக்கில், அதாவது கரையிலிருந்து கரைக்கு ஓடுகிற கோடுதான் இடுப்புக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும். "நீளக்கோடு ஒல்லியாகக் காட்டும்" என்று கேள்விப்பட்டு மாற்றி எடுத்துவருகிறார்கள். பெரிய புட்டா போட்ட சேலையாக இருந்தால் தோளில் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள், வட்டப் பூ ஒன்று சரியாக மார்பின் மேல் வந்து உட்காரக் கூடாது.

நிறத்தில் நான் யாருக்கும் தடை சொல்வதில்லை. கறுப்பும் கருநீலமும்தான் நமக்கு என்று யாரோ சொல்லிவைத்து, பீரோ முழுக்க இருட்டாக வைத்திருக்கிறார்கள். மாம்பழ மஞ்சள், ராணிப் பிங்க், கிளிப்பச்சை எல்லாம் கட்டுங்கள். நெட்டுக்கு உயரமாகத் தெரிய வேண்டிய நாளில் மட்டும் பிளவுஸைச் சேலையின் நிறத்திலேயே போடுங்கள், கண் இடையில் தடுக்காமல் போகும்.

சுடிதாரும் நைட்டியும்

ரெடிமேட் குர்த்தியில் சைஸ் ஏற ஏறத் தோளும் சேர்ந்து அகலமாகும். மார்புக்காக டபுள் எக்ஸெல் எடுத்தால் தோள் கையில் தொங்கும். மார்புக்குச் சரியாக இருப்பதை எடுத்து, தையல்காரரிடம் கையைப் பிரித்துத் தோளைக் குறைத்து மறுபடி பூட்டச் சொல்லுங்கள். அப்படியே பக்கவாட்டில் மார்புக்கு ஒரு டாட்டும், முதுகில் இடைக்கு இரண்டு டாட்டும் பிடிக்கச் சொன்னால் அதே குர்த்தி வேறு ஆடையாகிவிடும். பக்கத் திறப்பு இடுப்பின் மிக அகலமான இடத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி, அந்த இடத்தில் துணி உடம்பைவிட மூன்று இஞ்ச் கூட இருந்தால் திறப்பு விரியாமல் நேராக விழும். நீளம் முழங்காலைத் தாண்டட்டும். சுடிதார் பேண்டுக்கு முன்பக்கம் பட்டியும் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக்கும் வைத்தால் வயிற்றில் சுருக்கம் வராது. துப்பட்டாவை மார்பின் குறுக்கே வி போல மடித்துப் போடுவதைவிட ஒரு தோளில் நீளமாகத் தொங்கவிடுவது எடுப்பு.

நைட்டியையும் விட்டுவிடாதீர்கள். நம்மில் பலர் பகலில் பெரும்பொழுது அதில்தான் இருக்கிறோம். மார்புக்கு மேலேயே யோக், அதாவது தோளை ஒட்டிய மேல்துண்டு முடிந்து அங்கிருந்து சுருக்கம் விட்ட நைட்டி இடையைத் துணிக்குள் தொலைத்துவிடும். யோக் கீழ்மார்பில் முடிகிற மாதிரி, பின்னால் கட்டிக்கொள்ள இரண்டு நாடா வைத்த மாதிரி காட்டன் எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குத் தைக்கக் கொடுப்பதானால் ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்த கையோடு கொடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தபின் எந்தத் தையல்கடையிலும் மேல்மார்பு அளந்து, போட்டுப் பார்த்து, பிரித்துத் திருத்தித் தர நேரம் இருக்காது. முதலில் ஒரே ஒரு பிளவுஸ், அதுவும் விலை குறைந்த காட்டனில் தைக்கக் கொடுங்கள். அது பொருந்தினபின் அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு பட்டைக் கொடுங்கள்.